ரெடிமேட் வீடு வாங்கும் முன்னே

(தேவாலாவில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் வீட்டுக்கு பிளான் வரைகிறவள். பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். எங்க அம்மா கொழுந்து எடுத்தவர். பாட்டி சிலோனிலிருந்து கப்பலில் வந்தவர். லயன் வீடும் தெரியும், தகரக் கூரையும் தெரியும், கான்கிரீட் வீடும் தெரியும். அந்த உரிமையில்தான் பேச வந்திருக்கிறேன்.

கொஞ்ச நாளாக நம்ம குழுக் கூட்டங்களில் ஒரு கேள்வி வருகிறது. "15 நாளில் வீடு நிறுத்தித் தர்றோம்னு நோட்டீஸ் கொடுக்கிறாங்க. குழுவில் கடன் எடுத்து வாங்கலாமா?" சில குழுக்கள் கூட்டமைப்புக்கு எழுதியே கேட்டிருக்கின்றன. வாங்கு என்றோ வாங்காதே என்றோ நான் சொல்லப்போவதில்லை. வாங்கும் முன்னே என்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். கடனில் கையெழுத்துப் போடுவது ஒருத்தி என்றாலும், தவணை நின்றால் அந்தக் குழுவின் 12 பேரும்தானே பொறுப்பு.

முதலில், ரெடிமேட் வீடு என்றால் என்ன? சுவர், கூரை, தூண் இவற்றைத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி வந்து, இடத்தில் சேர்த்து நிறுத்துவது. அதில் பல வகை உண்டு. சென்னை பெரும்பாக்கத்தில் மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' திட்டத்தில் 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரி 1-ஆம் தேதி அடிக்கல் நாட்டி, 2022 மே 26-ஆம் தேதி திறந்தார்கள். அது முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் சுவர், கான்கிரீட் பலகை. இந்தூரில் அதே திட்டத்தில் இரண்டு தகட்டுக்கு நடுவே லேசான பொருளை வைத்த சாண்ட்விச் பலகை. அகர்தலாவில் இரும்புச் சட்டம். சென்னை ஐ.ஐ.டி. பல வருஷமாக ஜிப்சம் பலகையில் வீடு கட்டுவதை ஆராய்ந்து வருகிறது. உர ஆலைகளில் கழிவாகக் குவியும் ஜிப்சத்தைக் கண்ணாடி இழையோடு சேர்த்துச் செய்கிற பலகை அது. 2013-இல் அந்த வளாகத்திலேயே இரண்டு மாடிக் கட்டடம் ஒன்றை அப்படிக் கட்டிக் காட்டினார்கள்.

ஆகவே தொழிற்சாலை வீடு என்பதாலேயே மட்டம் என்று தள்ளிவிட முடியாது. நல்லபடி செய்தால் அளவு பிசகாது, மணலும் தண்ணீரும் குறைவாகப் போதும், மழைக்காலம் வருமுன் வேலை முடியும். நம்ம ஊரில் ஆறு மாதம் மழையில் நின்றுபோகிற கட்டட வேலையைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் பெரும்பாக்கம் சமதரை. கிரேன் வரும், பெரிய லாரி வரும். நம்ம வீடு ரோட்டிலிருந்து ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போகிற வீடு. சிமென்ட் மூட்டையையே தலைச்சுமையாகத்தான் இறக்குகிறோம். ஜிப்சம் பலகை ஒன்று 12 மீட்டர் நீளம் வரை வரும். கொண்டை ஊசி வளைவில் அது திரும்பாது, அறுத்துத்தான் கொண்டுவர வேண்டும். அதோடு, தேவாலாவில் பெய்கிற மழை சென்னையில் பெய்கிற மழை அல்ல. தமிழ்நாட்டு மழைக் கணக்கைச் சொல்லும்போது தென்மேற்குப் பருவத்தில் நம்ம ஊர்ப் பெயர்தான் அடிக்கடி முதல் வரியில் வருகிறது. ஜூனில் பிடித்தால் செப்டம்பர் வரை துணி காயாது. மார்கழி, தை வந்தால் ராத்திரிப் பனி. இந்த இரண்டையும் தாங்குகிற வீடுதான் நமக்கு வீடு.

இந்த இடத்தில் ஒரு நிஜக் கதை சொல்கிறேன். நம்மில் பாதிப் பேருக்கு உறவு இருக்கிற நாட்டில் நடந்தது.

இலங்கையில் போர் முடிந்த பிறகு வடக்கிலும் கிழக்கிலும் வீடு இழந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 65,000 இரும்பு வீடு தருவதாக அந்த நாட்டு அரசு 2015, 2016 வாக்கில் அறிவித்தது. ஆர்சலர் மிட்டல் என்கிற உலகப் பெரிய இரும்பு நிறுவனம் செய்து தருவதாக ஏற்பாடு. வீட்டோடு சூரிய மின்பலகை, தொலைக்காட்சி, இணைய வசதி, கேஸ் அடுப்பு, மேசை நாற்காலி எல்லாம் உண்டு என்றார்கள். கல்யாணச் சீர்வரிசை மாதிரி! விலை? முதலில் சொன்னது ஒரு வீட்டுக்கு சுமார் 21 லட்சம் இலங்கை ரூபாய். அதே பகுதியில் இந்திய அரசின் உதவியில் கட்டிய கல்வீட்டுக்கு ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது 5.5 லட்சம் இலங்கை ரூபாய். அந்தப் பணத்தைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, அவர்களே நின்று கட்டிக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் மாதிரி இரும்பு வீடு வைத்துக் காட்டினார்கள். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் ஆசிரியர்கள் அதை ஆராய்ந்து கேள்வி எழுப்பினார்கள். அஸ்திவாரம் போதுமா? காற்று எப்படிப் போய் வரும்? கூரையைத் தாங்க என்ன இருக்கிறது? துரு பிடித்தால் என்ன வழி? விறகு அடுப்பு எங்கே வைப்பது? பிறகு ஒரு அறை கூட்ட முடியுமா? மாகாண முதலமைச்சராக இருந்த விக்னேஸ்வரன், நாடாளுமன்ற உறுப்பினர் சுமந்திரன் போன்றவர்களும் எதிர்த்தார்கள். இந்தப் பணம் ஊர்க் கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் போகாமல் வெளியே போய்விடும் என்பதும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எதிர்ப்பு இருந்தபோதே பல ஆயிரம் குடும்பங்கள் அந்த வீட்டுக்கு விண்ணப்பம் போட்டன. வருஷக்கணக்கில் தகரக் கொட்டகையில் கிடந்தவர்கள், ஏதோ ஒரு வீடு கிடைத்தால் போதும் என்றுதான் போட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. மழையில் ஒழுகுகிற வீட்டில் இருப்பவள் நோட்டீஸைப் பார்த்து ஆசைப்படுவது இயற்கை. கடைசியில் 65,000 இரும்பு வீடு என்ற திட்டம் நடக்கவில்லை. அரசு கல்வீட்டுப் பக்கம் திரும்பியது. அந்தப் பொறியாளர்கள் கேட்ட கேள்விகளை நாம் எடுத்துக்கொள்வோம். தேவாலாவுக்கு ஏற்ற மாதிரி ஐந்தாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: கூரையில் என்ன இருக்கிறது?

வெறும் தகரம் பகலில் நெருப்பு, ராத்திரியில் பனிக்கட்டி. மார்கழி ராத்திரியில் தகரம் குளிர்ந்ததும், நம்ம மூச்சுக்காற்றிலும் சமையல் ஆவியிலும் இருக்கிற ஈரம் அதன் அடியில் துளித்துளியாகக் கட்டிச் சொட்டும். வெளியே மழை இல்லாமலே பாய் நனையும். "கூரை ஒழுகுது" என்று ஷீட்டை மாற்றுகிறவர்கள் உண்டு. அது ஒழுக்கு அல்ல, வேர்வை. ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கிற ஒரு அடுக்கு இருந்தால் அது வராது.

மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் 2018-இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கு ஒரு விதித் தொகுப்பு போட்டது. பெரிய குடியிருப்புகளுக்கானது அது. நம்ம சின்ன வீட்டுக்குக் கட்டாயம் இல்லை. ஆனாலும் நல்ல அளவுகோல். உள்ளேயும் வெளியேயும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் கூரை வழியாக 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் போகக்கூடாது என்கிறது. வெறும் தகரத்தில் 6 வாட்டுக்கும் மேல் போகும். அதாவது ஐந்து மடங்கு. 5 சென்டிமீட்டர் தெர்மாக்கோல் வைத்தால் அது ஒரு வாட்டுக்கும் கீழே வந்துவிடும். அந்த 5 சென்டிமீட்டர் தடுக்கிற வெப்பத்தைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமானால் ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன் வேண்டும். விற்க வருகிறவரிடம் "கூரை ஷீட்டுக்கு அடியில் என்ன, எத்தனை சென்டிமீட்டர்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் புரிந்துகொள்ளலாம்.

கரண்ட் கணக்கும் இதில்தான் இருக்கிறது. குளிர் தாங்காமல் 1,000 வாட் ஹீட்டர் ஒன்றை ராத்திரி 4 மணி நேரம் போட்டால் 4 யூனிட். 25 ராத்திரியில் 100 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தருகிற இலவச யூனிட் அத்தனையும் அந்த ஹீட்டருக்கே போய்விடும்.

இரண்டாவது கேள்வி: சுவருக்குள் என்ன இருக்கிறது?

சாண்ட்விச் பலகையின் நடுவில் தெர்மாக்கோல் இருக்கலாம், நுரை இருக்கலாம், கல்நார் போலத் தெரிகிற ராக்வூல் என்ற கம்பளி இருக்கலாம். மூன்றும் குளிரைத் தடுக்கும். ஆனால் தெர்மாக்கோல் தீப்பிடித்தால் உருகி, கரும்புகை கக்கும். ராக்வூல் எரியாது. விறகு எரிக்கிற வீட்டில் இது உயிர்ப் பிரச்சனை. சமையல் சுவராவது எரியாத பொருளில், செங்கல்லிலோ ஹாலோ பிளாக்கிலோ இருக்க வேண்டும். சிமென்ட் ஷீட் வைத்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஆஸ்பெஸ்டாஸை அறுக்கும்போதும் துளை போடும்போதும் வருகிற தூசி நுரையீரலுக்குக் கேடு.

ஆனை விஷயமும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 டிசம்பரில் பிடித்த அந்த மக்னா, அரிசி தேடி எத்தனை வீட்டை இடித்தது என்று நம்ம பக்கம் எல்லோருக்கும் தெரியும். செங்கல் சுவரையே இடிக்கிற ஆனைக்கு மெல்லிய பலகை எம்மாத்திரம்? ஆனை வருகிற வழியில் வீடு வைக்கிறவர்கள் இதையும் யோசித்துத்தான் முடிவு எடுக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: ஜன்னல் எத்தனை, புகை எங்கே போகும்?

குளிர் ஊர் என்று சொல்லி ஒரே ஒரு சின்ன ஜன்னல் வைத்துத் தருவார்கள். பலகை வீட்டில் செங்கல் வீட்டைப் போலச் சந்துபொந்து இருக்காது. இறுக்கி மூடிய டப்பா மாதிரி. உள்ளே ஆறு பேர் தூங்கி, துணி காயப்போட்டு, சோறு வடித்தால் அத்தனை ஈரமும் சுவரில் தங்கும். அப்புறம் மூலையில் கறுப்புப் பூஞ்சை, பிள்ளைக்கு இழுப்பு.

நான் சொன்ன அதே விதித் தொகுப்பு, பெங்களூரு மாதிரி மிதமான ஊர்களில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரையில் எட்டில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்கிறது. 300 சதுர அடி வீட்டுக்கு 37.5 சதுர அடி. 3 அடிக்கு 4 அடி ஜன்னல் மூன்று வைத்தால் 36 வரும். வாசல் கதவை அதில் சேர்க்கக் கூடாது. தள்ளித் திறக்கிற ஜன்னல் பாதிதான் திறக்கும், அதைப் பாதியாகவே எண்ணுங்கள். எதிரெதிர்ச் சுவரில் இருந்தால்தான் காற்று குறுக்கே ஓடும். மேலே கூரைக்குக் கீழ் ஒரு வென்டிலேட்டர், மழைக்கும் திறந்து கிடக்கிற மாதிரி. அடுப்புக்குப் புகைபோக்கி. கேஸ் இருக்கிற வீட்டிலும் வெந்நீருக்கு விறகுதானே எரிக்கிறோம்.

பகலில் பல்பு போடாமல் பிள்ளை புத்தகம் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். இது எல்லோருக்கும் சின்ன விஷயம் இல்லை. பிரிவு 17 நிலத்தில் இருக்கிற நம்ம உறுப்பினர்கள் பலருக்கு இன்னும் கரண்ட் இணைப்பு இல்லை. அவர்களுக்கு ஜன்னல்தான் லைட், ஜன்னல்தான் ஃபேன்.

நான்காவது கேள்வி: வீட்டின் கால் எங்கே நிற்கிறது, துரு பிடித்தால் யார் வருவார்?

ரெடிமேட் வீடு லேசானது. சரிவில் அது ஒரு நன்மை, மண்ணுக்குப் பாரம் குறைவு. ஆனால் லேசானதைக் காற்று தூக்கும். அதனால் நங்கூரம் போல அடியில் பிடிப்பு வேண்டும். தரைமட்டம் சுற்றியுள்ள மண்ணைவிட ஒன்றரை அடியாவது உயர்ந்து இருக்கட்டும். மேட்டுப் பக்கத்தில் மழைத் தண்ணீரைத் திருப்பிவிட ஒரு வாய்க்கால் வேண்டும். கூரை சுவரைத் தாண்டி இரண்டு அடியாவது நீண்டிருக்கட்டும். நம்ம மழை நேராகப் பெய்வதில்லை, சாய்ந்து அடிக்கும். பல நோட்டீஸ்களில் அழகாகப் போட்டிருக்கிற வீட்டுக்குத் தாழ்வாரமே இல்லை. பார்க்க டவுன் வீடு மாதிரி இருக்கும். தேவாலா மழைக்கு அது தலையில் துணி போடாமல் நிற்கிற மாதிரி.

இரும்பு துரு பிடிக்க ஆரம்பிப்பது ஸ்குரூ அடித்த இடத்திலும், வெட்டிய ஓரத்திலும், தரையைத் தொடும் இடத்திலும். ஷீட்டில் பூச்சு எத்தனை கிராம், எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம், பலகை உடைந்தால் மாற்றுப் பலகை எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள். கூடலூர், பந்தலூரில் இருக்கிற ஆளால் ரிப்பேர் செய்ய முடியாத வீடு நமக்கு வேண்டாம்.

ஐந்தாவது கேள்வி: காகிதம் என்ன சொல்கிறது?

"இது எடுத்துப்போகிற வீடு, பட்டாவே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். 1969-ஆம் வருஷத்துக் கூடலூர் ஜென்ம நிலச் சட்டத்திலிருந்து நம்ம பக்கத்து நிலச் சிக்கல் இன்னும் தீரவில்லை. பட்டா இல்லாதவர்கள் காதுக்கு இந்தப் பேச்சு தேன் மாதிரி. ஆனால் அஸ்திவாரம் போட்டு நிறுத்தினால் அனுமதிக் கேள்வி வந்தே தீரும். வாய்ச்சொல்லை நம்பாமல், நகராட்சியிலோ ஊராட்சியிலோ எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். அரசு மானியம் எதிர்பார்க்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஊராட்சிப் பகுதிகளில் கலைஞரின் கனவு இல்லத் திட்டம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வேண்டும் என்பது விதி. ஷீட் கூரை வீட்டை நிறுத்திவிட்டு மானியம் கேட்டால் கிடைக்காமல் போகலாம். நெல்லியாளம் நகராட்சிக்குள் இருப்பவர்களுக்கு நகர்ப்புறத் திட்டம், அதன் விதி வேறு. எந்தத் திட்டமானாலும் முதலில் கேட்டுவிட்டு அப்புறம் அட்வான்ஸ்.

கடன் கணக்கையும் போட்டுப் பார்த்துவிடுவோம். 3 லட்சம் ரூபாய், 12 சதவீத வட்டி, 5 வருஷம். மாதத் தவணை சுமார் 6,670 ரூபாய். மொத்தம் கட்டுவது 4 லட்சம். இந்த 5 வருஷத்துக்குள் கூரை துருப்பிடித்தால், தவணையும் கட்டி ரிப்பேரும் பார்க்க வேண்டும். ஆகவே நோட்டீஸில் போட்டிருக்கிற விலையை மட்டும் பார்க்காதீர்கள். விறகு, கரண்ட், ரிப்பேர், ஆஸ்பத்திரி இந்த நாலையும் சேர்த்ததுதான் ஒரு வீட்டின் விலை.

புது வீடு வாங்க முடியாதவர்களுக்கும் சொல்ல இருக்கிறது. இப்போது இருக்கிற வீட்டையே மாற்றலாம். தகரத்துக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி விட்டு, எரியாத பலகையில் ஃபால்ஸ் சீலிங் அடித்தால் பனியும் சொட்டாது, மழைச் சத்தமும் குறையும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் அதை அடிக்காமல் புகைபோக்கி வைக்க வேண்டும். இருட்டு அறைக்கு ஒரே ஒரு கண்ணாடி ஷீட். சுவர் நனையாமல் இருக்க ஒரு தாழ்வாரம். இவ்வளவையும் குழுவின் உள்கடனிலேயே ஒவ்வொன்றாகச் செய்துவிடலாம்.

கட்டுகிறவர்களுக்கும் நடுவழி இருக்கிறது. சுவரை ஹாலோ பிளாக்கிலோ, ஏ.ஏ.சி. என்கிற காற்றடைத்த லேசான பிளாக்கிலோ கட்டி, கூரையை மட்டும் ரெடிமேடாக எடுக்கலாம். ஏ.ஏ.சி. பிளாக் செங்கல்லின் மூன்றில் ஒரு பங்கு எடைதான் இருக்கும், தலைச்சுமைக்கு நல்லது. தண்ணீரை உறிஞ்சும் என்பதால் வெளிப்பூச்சு கட்டாயம். பக்கத்தில் கேரளத்தில் குடும்பஸ்ரீ பெண்கள் கட்டட வேலைக் குழு அமைத்து வீடு கட்டுகிறார்கள். நம்ம கூட்டமைப்பிலும் பிளாக் போடுகிற ஒரு குழு வந்தால், வீட்டுக்கு எடுக்கிற கடனில் ஒரு பகுதி கூலியாக நம்ம கைக்கே திரும்பும்.

முடிவாகக் கூட்டமைப்பிடம் நாலு வேண்டுகோள் வைக்கிறேன். இவற்றைத் தீர்மானமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று, ரெடிமேட் வீட்டுக்குக் கடன் கேட்டால் இந்த ஐந்து கேள்விக்கும் விற்பவரிடமிருந்து எழுத்தில் பதில் வாங்கி விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும். இரண்டு, அந்தக் கம்பெனி ஏற்கெனவே வைத்த ஒரு வீட்டை, ஆடி மழையில், நம்ம உறுப்பினர்கள் மூன்று பேர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரியிடம் தனியாகப் பேச வேண்டும். மூன்று, விலையில் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழிந்த பிறகே தருவோம் என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். நான்கு, வீடு கணவன் பெயரில் மட்டும் இருக்கக் கூடாது. கடன் நம்ம பெயரில் என்றால் வீட்டுக் காகிதத்திலும் நம்ம பெயர் வேண்டும்.

பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைக்கச் சம்மதிக்காத வியாபாரி இருந்தால், தன் வீடு தேவாலா மழையைத் தாங்கும் என்று அவருக்கே நம்பிக்கை இல்லை என்று அர்த்தம். அவரிடம் தனியாளாகப் பேரம் பேசினால் நாம் தோற்போம். 20 வீட்டுக்குச் சேர்ந்து கேட்டால் அவரே இறங்கி வருவார். அதற்குத்தானே கூட்டமைப்பு.

யார் வீட்டுக்காவது நோட்டீஸோ பிளானோ வந்தால், மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் வந்து உட்கார்ந்து, உங்களோடு சேர்ந்து படித்துப் பார்க்கிறேன்.